ஏடிஆர் ஓட்டுவதா, முதலாளி விமானம் ஓட்டுவதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஜூன் கடைசி வரைக்கும் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அப்பா, மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய்மாமா, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் யாரோ ஒருவரின் மச்சான். வீட்டுப் பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்கிறது; எங்கே சேர்ப்பது, எவ்வளவு ஆகும் என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "சார், நம்ம ஊருக்கு வருதே, அந்த மாதிரி சின்ன பிளேன் ஓட்டுறது நல்லதா, இல்ல தொழிலதிபருங்க வச்சிருக்கிற ஜெட்டா? அதுலதான் சம்பளம் ஜாஸ்தியாமே?"

நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் முதலில் கிடைத்தது வாடகைக்கு விமானம் விடும் ஒரு சார்ட்டர் கம்பெனியின் கிங் ஏர் என்ற சின்ன விமானத்தில் வலது பக்க சீட், அதாவது கோ-பைலட் இடம். அங்கே இரண்டு வருடம். அப்புறம் சின்ன ஊர்களுக்குப் போகும் விசிறி வைத்த ஏடிஆர் விமானம், ஏழு வருடம். அதன்பின் ஒரு தொழில் குடும்பத்தின் ஜெட், மூன்றரை வருடம். இப்போது மறுபடியும் ஏடிஆர். வரிசையைத் தப்பாகத் தொடங்கி, திருத்திக்கொண்டு, ஆசைப்பட்டு வெளியே போய், திரும்பி வந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது நல்லது என்று கேட்டால் நான் கொஞ்சம் இழுப்பேன். எதை முதலில் என்று கேட்டால் உடனே சொல்வேன்: முதலில் ஏர்லைன், அப்புறம் வேண்டுமானால் முதலாளி விமானம். அதற்கான காரணத்தையும், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளையும் வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அமெரிக்க வீடியோவை முதலில் மூடுங்கள்

பிள்ளைகள் யூடியூபில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்கே 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரீஜனல் ஏர்லைன் விமானம் விழுந்தது. அதன் பிறகு சட்டம் மாறி, 2013 முதல் ஏர்லைனில் கோ-பைலட்டாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதனால் அங்கே லைசென்ஸ் எடுத்தவர்கள் பயிற்சி ஆசிரியராக இருந்து மணிகளைச் சேர்த்து, ரீஜனலுக்குப் போய், அங்கிருந்து பெரிய ஏர்லைனுக்கு ஏறுகிறார்கள். ரீஜனல் என்பது அங்கே ஒரு மாடிப்படி.

நம் நாட்டில் அந்தப் படி கட்டாயமில்லை. இங்கே 200 மணி நேரத்தில் சிபிஎல் என்ற கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுத்து, ஒரு குறிப்பிட்ட மாடலை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கும் முடித்த பையன் நேராக ஏர்பஸ் 320-இன் வலது சீட்டில் உட்காரலாம், உட்காருகிறார்கள். அதனால் "ரீஜனல்ல கஷ்டப்பட்டாதான் பெரிய பிளேன்" என்ற பேச்சு இங்கே செல்லாது. ரீஜனலைத் தேர்ந்தெடுப்பதற்கு இங்கே வேறு காரணங்கள் இருக்கின்றன, கீழே வருகிறேன்.

இங்கே ரீஜனல் என்று நான் சொல்வது சின்ன ஊர்களை இணைக்கும் விமானங்களை: அலையன்ஸ் ஏரின் ஏடிஆர்கள், கோவாவிலிருந்து கிளம்பும் ஃப்ளை91, பெங்களூரை மையமாக வைத்து எம்ப்ரேயர் ஜெட் ஓட்டும் ஸ்டார் ஏர், அப்புறம் இண்டிகோவுக்குள்ளேயே தனியாக இருக்கும் ஏடிஆர் பிரிவு. கார்ப்பரேட் என்பதில் இரண்டு வகை. ஒன்று, கம்பெனியோ குடும்பமோ தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம். அதை வாடகைக்கு விடக் கூடாது. இன்னொன்று, என்எஸ்ஓபி என்ற அனுமதி வாங்கிச் சார்ட்டராக ஓடுவது. கல்யாணக் கோஷ்டி, தேர்தல் பிரச்சாரம், ஏர் ஆம்புலன்ஸ் எல்லாம் இதில்தான்.

பணம் கட்டுவதற்கு முன் மெடிக்கல்

இதைப் பத்துத் தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பயிற்சிப் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு, அப்புறம் மெடிக்கலில் நிறம் பிரித்துப் பார்க்கும் சோதனையில் தோற்று, கட்டிய பணத்துக்கு அலைந்த ஒரு குடும்பத்தை எனக்கு நேரடியாகத் தெரியும். விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2, அதில் தேறியதும் கிளாஸ் 1. வேலைக்குக் கிளாஸ் 1 இல்லாமல் முடியாது, அதனால் இரண்டையும் முடித்துவிட்டே செக்கில் கையெழுத்துப் போடுங்கள். கண்ணாடி போட்டிருப்பது பிரச்சினை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். நிறக்குறைபாடுதான் பெரிய வாசல். அது இருப்பதே பலருக்குப் பதினேழு வயது வரை தெரியாது.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் எடுத்துவிட்ட பிள்ளைகள் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தவெளிப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறியிருக்கிறார்கள்.

பரீட்சை, மணி, பணம்

டிஜிசிஏ தாள்கள்: நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கலில் பொது ஒன்று, விமானம் சார்ந்தது ஒன்று. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்ற பரீட்சை தனி. வானிலைத் தாளில் நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கினால் எனக்குக் கோபம் வரும். தானே புயலையும் ஃபெஞ்சலையும் வீட்டு வாசலிலேயே பார்த்தவர்கள், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எப்படி வலுப்பெறுகிறது என்று மனப்பாடம் செய்யவா வேண்டும்?

சிபிஎல்லுக்கு 18 வயது, மொத்தம் 200 மணி நேரப் பறத்தல், அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக. 300 கடல் மைல் தூரம் நாமே திட்டமிட்டு, வழியில் இரண்டு வெவ்வேறு தளங்களில் இறங்கிப் போக வேண்டிய பயணம் ஒன்று உண்டு. இரவுப் பறத்தலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதும் தனிக்கணக்கு. கூடவே இரட்டை என்ஜின் ரேட்டிங்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எடுத்துவிடுங்கள். அவை இல்லாத சிபிஎல், ஹெவி இல்லாத டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. வண்டி இருக்கும், வேலை இருக்காது.

அமேதி மாவட்டத்தில் உள்ள ஃபுர்சத்கஞ்ச் அரசு அகாடமி, மகாராஷ்டிரத்தின் கோந்தியா, பெங்களூர் ஜக்கூர் என்று பல இடங்கள். எங்கே என்பதைவிட, ஒரு மாணவன் எத்தனை மாதத்தில் 200 மணியை முடிக்கிறான் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள், ஆபீஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் வேண்டாம். விமானம் பழுது, ஆசிரியர் இல்லை என்று மூன்று வருடம் இழுத்த பள்ளிகள் உண்டு. உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்கும் ஹாஸ்டல் காசு போகும்.

செலவு அரை கோடிக்குள் முடிந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப் ரேட்டிங் அதற்கு மேல் தனி. கல்விக் கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். தோப்பை விற்கலாமா, அடமானம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விற்காதீர்கள். வேலை கிடைக்க இரண்டு வருடம் தள்ளிப்போனாலும் வட்டி கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் இந்தப் படிப்பு இப்போதைக்கு வேண்டாம்.

லாஸ்பேட்டை ரன்வே சொல்லும் பாடம்

ரீஜனல் வேலை எப்படிப்பட்டது என்று புரிய, நம் ஊர் விமான நிலையத்தின் கதையே போதும். லாஸ்பேட்டை ரன்வே ஏறத்தாழ 1,500 மீட்டர். ஏர்பஸ் 320 வழக்கமாக வந்துபோக இது பத்தாது. ஏடிஆருக்கு இது போதும். அதனால்தான் இங்கே வருவதெல்லாம் விசிறி வைத்த விமானமாகவே இருக்கிறது. சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத்துக்குப் பறக்க ஆரம்பித்தது. 2024-இல் அந்தச் சேவை நின்றது. ஊர் முழுக்க "ஏர்போர்ட் பூட்டிக் கிடக்கு" என்று பேசினார்கள். அந்த வருடக் கடைசியில், ஃபெஞ்சல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 20 அன்று இண்டிகோ ஏடிஆர் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியது.

ஏன் இப்படி வந்து வந்து போகிறது? உடானில் ஒரு பாதைக்கு அரசு கொடுக்கும் உதவித் தொகையும் அந்தப் பாதையில் தனி உரிமையும் மூன்று வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு டிக்கெட் காசிலேயே ஓட வேண்டும். ஓடாவிட்டால் விமானம் வேறு ஊருக்குப் போய்விடும். சேலத்துக்கு ஏடிஆர் ஓட்டிய ட்ரூஜெட் மூடியே போனது. நெய்வேலியின் பெயர் உடான் முதல் சுற்றுப் பட்டியலிலேயே வந்தது. கடலூர்க்காரர்கள் அப்போதிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு ஊர், ஒரு பாதை, ஒரு கம்பெனி இவற்றை நம்பி ரீஜனலுக்குப் போகாதீர்கள். உங்கள் லாக்புக்கில் ஏறும் மணிகளை நம்பிப் போங்கள். கம்பெனி மூடினாலும் அந்த மணிகள் உங்களோடு வரும்.

அந்த மணிகள் எப்படிப்பட்டவை என்பதுதான் விஷயம். பெரிய ஜெட்டில் டெல்லிக்குப் போனால் இரண்டே முக்கால் மணிக்கு ஒரு டேக்ஆஃப், ஒரு லேண்டிங். ஏடிஆரில் அதே நேரத்துக்குள் இரண்டு, சில நாள் ஒரே டியூட்டியில் நான்கு, ஐந்து செக்டர், அதாவது ஊர் விட்டு ஊர் நான்கு, ஐந்து பயணம். 25,000 அடிக்கு மேல் இந்த விமானம் ஏறாது. பெரிய ஜெட்டுகள் மேகத்துக்கு மேலே வெயிலில் போகும்போது நாம் மேகத்துக்குள்ளேயே கிடப்போம். நவம்பர் மாதம் இறக்கையில் பனி படிவதைக் கவனித்தபடி, ரேடாரில் சிவப்பாகத் தெரியும் மழை மேகங்களைச் சுற்றிக்கொண்டு, குறுக்குக் காற்றில் சின்ன ரன்வேயில் இறக்க வேண்டும். ஒரு என்ஜின் நின்றால் விமானம் ஒரு பக்கம் திரும்பாமல் இருக்க ரடர் பெடலை மிதிக்கக் காலில் நல்ல பலம் வேண்டும். முதல் ஆறு மாதம் ராத்திரி கனவிலும் நான் இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்தில் கற்றதைத்தான் இன்றைக்கும் தின்றுகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, கேப்டன் ஆவது. அதற்கு ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும்: 21 வயது, 1,500 மணி நேரம், மறுபடி பரீட்சைகள். வருடத்துக்கு எழுநூறு, எண்ணூறு மணி பறக்கும் ஏர்லைனில் அந்த எண்ணிக்கை இரண்டே வருடத்தில் வந்துவிடும். அப்புறம் இடம் காலியாக வேண்டும். பெரிய ஜெட்டில் சீனியாரிட்டி வரிசை நீளமாக இருக்கும்போது ஏடிஆரில் கேப்டனின் இடது சீட் சீக்கிரம் வருவது உண்டு. ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் வைத்திருக்கும் கம்பெனியில் உள்ளேயே மாறிப்போகவும் வழி இருக்கிறது. ஆனால் மாறினால் பலசமயம் மறுபடி வலது சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது வயதில் இதற்கு ஒப்புக்கொள்ள மனசு வராது. மாறுவதென்றால் சீக்கிரம் மாறிவிடுங்கள்.

சம்பளம் ஏடிஆரில் பெரிய ஜெட்டைவிடக் குறைவு. மாதத்துக்கு இத்தனை மணி பறந்தாலும் பறக்காவிட்டாலும் இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் பறந்த மணிக்கு இவ்வளவு, வெளியூரில் தங்கினால் படி. இன்டர்வியூவில் மொத்தத் தொகையைச் சொல்வார்கள். நிலையான தொகை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். விமானம் பழுதாகி நிற்கும் மாதத்தில் கைக்கு வருவது அதுதான்.

ஓய்வு விதிகள் இப்போது இறுகியிருக்கின்றன. வாரத்துக்கு 48 மணி நேரத் தொடர் ஓய்வு, இரவுத் தரையிறக்கங்களுக்கு வரம்பு எல்லாம் 2025-இல் நடைமுறைக்கு வந்தன. அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததற்கு ஆள் கணக்கு இதற்குத் தோதாகப் போடப்படாததே ஒரு பெரிய காரணம். உங்களுக்கு அதில் செய்தி என்னவென்றால், அதே விமானத்தை ஓட்ட இனி அதிகப் பேர் வேண்டும்.

முதலாளி விமானத்தின் உள்ளே

வெளியிலிருந்து பார்க்க இது பளபளப்பு. உள்ளே போனால் முதலில் தெரிவது, நீங்கள் பைலட் மட்டும் இல்லை என்பது. ஏர்லைனில் டிஸ்பாட்ச் ஒருவர், தரை வேலை ஒருவர், சாப்பாடு ஒருவர். இங்கே எல்லாம் நீங்களும் கேப்டனும்தான். போகும் தளம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பார்க்கிங் கிடைக்குமா, விமானப்படை தளமென்றால் முன் அனுமதி வந்ததா, எரிபொருள் யார் ஊற்றுவார், முதலாளியம்மாவுக்கு இனிப்பில்லாத டீ ஏறியதா. நான் கிங் ஏரில் இருந்த இரண்டு வருடத்தில் பெட்டி தூக்கிய கணக்கு, பறந்த கணக்கைவிடப் பெரிது. அதில் கேவலம் எதுவும் இல்லை. தெரிந்து போங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது காத்திருப்பது. பெங்களூரின் பழைய எச்ஏஎல் விமான நிலையமும் ஹைதராபாத்தின் பேகம்பேட்டும் 2008-இல் புதிய நிலையங்கள் திறந்த பிறகு இந்த மாதிரி விமானங்களுக்கான இடங்களாகிவிட்டன. அங்கே போய்ப் பார்த்தால் சீருடையில் சோபாவில் சாய்ந்திருக்கும் பைலட்டுகளை எந்த நேரமும் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு இறக்கிவிட்டு, "பதினொன்றுக்குக் கிளம்பறோம்" என்று போனவர்கள் ராத்திரி எட்டுக்கு வருவார்கள். வருடத்துக்கு முந்நூறு, நானூறு மணி பறந்தாலே அதிகம். ஓய்வுபெறும் வயதை நெருங்குபவருக்கு இது சுகம். 22 வயதுக்காரனுக்கு இது பட்டினி. ஏழு வருடத்தில் ஏடிஆர் கொடுக்கும் மணிகளை இங்கே சேர்க்கப் பதினைந்து வருடம் ஆகும்.

மணிகளின் தரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கிங் ஏர் பி200 விமானத்தின் அதிகபட்ச எடை 5,670 கிலோ. ஏர்லைன் விளம்பரங்களில் பெரும்பாலும் 5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானத்தில் இத்தனை மணி என்று கேட்பார்கள். முப்பது கிலோ வித்தியாசத்தில் என் இரண்டு வருடமும் அந்தக் கட்டத்துக்குள் வராமல் போயின. சேரும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் நல்லதும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. நல்ல குடும்பத்தின் பெரிய ஜெட்டில் கேப்டனாக இருந்தால் சம்பளம் ஏர்லைனுக்குச் சமம், சிலசமயம் மேல். சிமுலேட்டர் பயிற்சிக்குப் பல மாடல்களுக்கு வெளிநாடு அனுப்புவார்கள். ஒரு மாதம் மாலத்தீவு, அடுத்த மாதம் ஜெனீவா, அதற்கடுத்து குஜராத்தில் பெயர் தெரியாத ஒரு ஓடுபாதை. ஒவ்வொரு பயணத்தையும் பூஜ்யத்திலிருந்து நாமே திட்டமிட வேண்டும். பறப்பதை மூளையால் செய்யப் பிடிக்கும் ஆட்களுக்கு இதைவிட ருசியான வேலை கிடையாது. அந்த மூன்றரை வருடத்தை நான் வீணென்று சொல்ல மாட்டேன்.

வேலை போவதும் அதே வேகத்தில்தான். வியாபாரம் நொடித்தால் முதலில் விற்பது விமானத்தை. எங்கள் விமானமும் அப்படித்தான் போனது. பெரியவர் கூப்பிட்டு நன்றாகத்தான் பேசினார், இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தார். நான் வைத்திருந்த டைப் ரேட்டிங்குக்கு இந்தியாவிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விமானங்கள் இருந்தன.

முடியாது என்று சொல்ல வேண்டிய நாள்

முதலில் ஏர்லைன் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான்.

கிங் ஏரில் கோ-பைலட்டாக இருந்தபோது ஒரு நாள். ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். திரும்பி இறங்க வேண்டிய ஓடுபாதையில் இரவு விளக்கு கிடையாது; சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர வேண்டும். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஐந்தரைக்கு வந்தார்கள். கேப்டன் மணியைப் பார்த்தார், "இன்னிக்கு முடியாது சார், காலையில போகலாம்" என்றார். "மத்தவங்கல்லாம் போறாங்களே" என்று ஆரம்பித்து, கம்பெனி மேனேஜர் வரை போனில் பேசிப் பார்த்தார்கள். கேப்டன் அசையவில்லை. கார் எடுத்துக்கொண்டு கோபமாகப் போனார்கள். அடுத்த மாதம் அந்த வாடிக்கையாளருக்கு வேறு கம்பெனி விமானம் ஓடியது. கேப்டனின் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை.

அவர் விமானப்படையில் இருந்து வந்தவர், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். அடுத்த வேலை கிடைக்கும் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. இடது சீட்டில் அன்றைக்கு நான் இருந்திருந்தால், கடனும் குறைந்த மணிகளுமாக, என்ன சொல்லியிருப்பேன்? கிளம்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். 2001-இல் மாதவராவ் சிந்தியா பயணம் செய்த சின்ன விமானமும், 2009-இல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டரும் மோசமான வானிலைக்குள்தான் போய் விழுந்தன. அந்த விமான அறைகளுக்குள் யார் என்ன பேசினார்கள் என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. பெரிய மனிதர் பின் சீட்டில் இருக்கும்போது முன் சீட்டில் என்ன கனம் ஏறும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏர்லைனில் இந்த "முடியாது" உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. புத்தகத்தில் எழுதியிருக்கும். வானிலை இந்த அளவுக்குக் கீழே என்றால் கிளம்பக் கூடாது, அவ்வளவுதான். பயணிகள் கத்தினாலும் கவுன்டரில்தான் கத்துவார்கள். அந்தப் புத்தகத்தோடு சில ஆயிரம் மணி பறந்து, அது எலும்பில் ஊறிய பிறகு முதலாளி விமானத்துக்குப் போனால், உங்கள் வாயிலிருந்தும் அந்த வார்த்தை தானாக வரும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

சார்ட்டர் கம்பெனி என்றால், டிஜிசிஏ இணையதளத்தில் என்எஸ்ஓபி வைத்திருப்பவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரும் அனுமதியின் காலமும் பாருங்கள். அப்புறம் அங்கே வேலை செய்யும் கோ-பைலட்டைத் தனியாகப் பிடித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். போன ஆறு மாதத்தில் நீங்கள் எத்தனை மணி பறந்தீர்கள்? சம்பளம் எந்தத் தேதி வருகிறது? பழுதை டெக் லாக்கில் (விமானத்தின் பழுதுப் பதிவேட்டில்) எழுதினால் என்ன சொல்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு ஒரு இடத்தில் சம்பளம் மூன்று மாதம் நின்றது. பின்னால் யோசித்துப் பார்த்தால், சேரும் முன் நான் கேட்டிருந்தால் அங்கே இருந்த எல்லாருமே சொல்லியிருப்பார்கள்.

பாண்டு என்று ஒன்று நீட்டுவார்கள். ரேட்டிங் செலவைக் கம்பெனி ஏற்றால் இத்தனை வருடம் விலகக் கூடாது என்பது நியாயம். விமானம் நின்றுபோனாலோ கம்பெனியே சம்பளம் தராவிட்டாலோ அந்தப் பாண்டு செல்லுமா என்ற வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ரேட்டிங் செலவும் நம்முடையது, பாண்டும் உண்டு என்றால் அது வேலையில்லை, வியாபாரம். புதுச்சேரி கோர்ட்டுப் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

நோட்டீஸ் காலத்தையும் இப்போதே மனதில் வையுங்கள். 2017-இல் டிஜிசிஏ போட்ட விதிப்படி ஏர்லைன் ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது கோ-பைலட், ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கார்ப்பரேட்காரர்கள் "அடுத்த மாசம் வா" என்பார்கள். அதனால்தான் கோ-பைலட்டாக இருக்கும்போது மாறுவது சுலபம், கேப்டன் ஆன பிறகு திட்டம் போட்டு மாற வேண்டும்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியும் எந்த ஏர்லைனும் கூப்பிடவில்லை, நல்ல பெயருள்ள ஒரு ஏர் ஆம்புலன்ஸ் கம்பெனி வலது சீட் தருகிறது என்றால் போய்விடுங்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் கையும் துருப்பிடிக்கும், ரேட்டிங்குகளும் காலாவதியாகும். போகும்போதே ஏர்லைன் விண்ணப்பங்களைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருங்கள். அங்கேயே வேர் பிடித்துவிடாதீர்கள்.

ஊரில் இருந்துகொண்டே?

அம்மாக்கள் கேட்கும் கடைசிக் கேள்வி இது. "நம்ம ஏர்போர்ட்லயே வேலை போட்டுக் குடுப்பாங்களா?" மாட்டார்கள். லாஸ்பேட்டைக்கு விமானம் வரும், போகும். விமானிகள் தங்கி வேலை செய்யும் தளம் பெங்களூர், ஹைதராபாத் மாதிரி இடங்களில்தான். சென்னையில் தளம் கிடைத்தால் ஈசிஆரில் மூன்று மணி நேரம், வார ஓய்வுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கார்ப்பரேட்டில் விமானம் எந்த ஊரில் நிற்கிறதோ அதுதான் உங்கள் ஊர், லீவு முதலாளியின் நாட்காட்டியைப் பொறுத்தது. அந்த மூன்றரை வருடத்தில் ஒரு தீபாவளிக்கும் நான் வீட்டில் இல்லை. ஏடிஆரில் ரோஸ்டர் முன்கூட்டியே வந்துவிடும். தீபாவளி கிடைக்காவிட்டாலும் பொங்கலுக்கு மாற்றிக் கேட்கலாம்.

எனக்கு எப்போதாவது புதுச்சேரி செக்டர் விழும். இறங்கி, ஆளை இறக்கி, ஏற்றி, அரை மணிக்குள் திரும்பக் கிளம்ப வேண்டும். வீடு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். முதல் தடவை வந்தபோது அம்மா மொட்டை மாடியில் நின்று புடவைத் தலைப்பை ஆட்டினாளாம். நான் அந்த நேரத்தில் எரிபொருள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ராத்திரி போனில் கேட்டாள்: "அந்தப் பக்கம் உக்காந்திருந்தது நீதானே?"